மாடிப்படியில் விளக்கவுரை

ஜனவரி 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் ஒருவரை ஒருவர் குறை சொல்லும் அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அதே அளவில் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனிமேல் போனில் பேசுவதில்லை, கடிதம்தான் என்று நாம் ஒப்பந்தம் போட்டு இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. அப்பாவின் அலமாரி யாருக்கு என்று ஆரம்பித்து, சின்ன வயதில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதில் போய் முடிந்த அந்தப் பேச்சை நினைத்தால், கடிதம் எவ்வளவு நாகரிகமான சாதனம் என்று புரிகிறது. திட்டுவதற்குத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்றால் பாதித் திட்டு தானாகவே குறைந்துவிடுகிறது.

ஒரு நல்ல செய்தி. இந்த அருங்காட்சியகத்தில் முப்பத்தோரு வருடம் வழிகாட்டியாகக் கத்தியதற்கு இப்போதுதான் பெயர் கிடைத்திருக்கிறது. மேல்தளத்துக்குப் போகும் படிக்கட்டு நீ பார்த்ததுதான், நாற்பத்திரண்டு படி. அதில் இருபத்து நான்காவது படியில், திரும்பும் இடத்தில், ஒரு மண்ஜாடி இருக்கிறது. மூடி கிடையாது, ஒரு காதும் கிடையாது. எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாததால் அங்கே வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் நானே அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. போன அக்டோபரில் ஒரு நாள் அங்கே நின்று நாலு வார்த்தை சொன்னேன். இப்போது ஏழு நிமிடம் பேசுகிறேன். “இதுக்குள்ள என்ன இருந்ததுன்னு கேக்காதீங்க, ஏன் ஒண்ணுமே மிச்சமில்லைன்னு கேளுங்க” என்று ஆரம்பித்தால் கூட்டம் அசைவதில்லை. இயக்குநர் ஒரு நாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, “இவ்வளவு நாள் இதை எங்க சார் ஒளிச்சு வச்சிருந்தீங்க?” என்றார். ஜாடிக்கு மேலே தனியாக விளக்குப் போட உத்தரவாகியிருக்கிறது.

மற்றபடி இடப்பக்கத் தாடையில் ஒரு வலி. பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். நல்ல பல்லாகத்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே என்று மரியாதைக்குப் பிடுங்கினார்.

மே மாதம் எல்லோரும் உடல்தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மாடி ஏற லாயக்கில்லை என்று டாக்டர் எழுதினால், வாசலில் பை வைக்கும் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆயுதக் கூடத்து வழிகாட்டிக்குப் போன வருடம் அதுதான் நடந்தது. பதினேழு வகை வாளைப் பற்றிப் பேசிய மனிதர், இப்போது ‘டோக்கனைத் தொலைக்காதீங்க’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. எனக்கு அந்தக் கவலை இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, ஜாடி இருக்கிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஐம்பத்து மூன்று வயதிலும் பாப்பாவாகவே இருக்கும் தங்கை எழுதுகிறேன். இருவரும் சுகம். உங்கள் மாப்பிள்ளை இன்னும் குடிநீர் வாரியத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் அதே நாற்காலியில்தான். வீட்டிலும் அதே பாஷை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் “பரிசீலிக்கவும்” என்கிறார். நான் கோபப்பட்டால், “தங்கள் உணர்வு கவனத்தில் கொள்ளப்பட்டது” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வருகிறது. நல்ல மனிதர். ஒரு நாளாவது என்னோடு சண்டை போட்டிருந்தால் இன்னும் நல்ல மனிதர்.

ஜாடிக்கு விளக்கு கிடைத்ததில் சந்தோஷம். எங்கள் அலுவலகத்தில் லிப்ட் நின்று நான்கு மாதமாகிறது, அதற்கு ஒரு அறிவிப்புப் பலகை மட்டும் கிடைத்திருக்கிறது. மூன்றாம் மாடிக்குக் கோப்பு சுமந்து ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று அந்தப் பலகையைப் படிக்கிறேன். மனப்பாடமாகிவிட்டது.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆயுள் காப்பீட்டில், இறந்தவர்களின் வீட்டார் பூர்த்தி செய்து அனுப்பும் படிவங்களைச் சரிபார்ப்பது. அதில் பதினான்காவது கட்டத்தில், ‘இறப்புக்கு முன் உடல் உபாதை ஏதேனும் இருந்ததா?’ என்று ஒரு கேள்வி. பத்தில் எட்டுப் பேர் ‘எதுவும் இல்லை’ என்றுதான் எழுதுகிறார்கள். பிறகு மனசு கேட்காமல் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘கொஞ்சம் வாயு’, ‘நடந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும்’, ‘கொஞ்சம் தோள் வலி’ என்று சேர்க்கிறார்கள். பத்தொன்பது வருடமாகப் படிக்கிறேன். எங்கள் பிரிவில் ‘கொஞ்சம்’ என்ற சொல்லால் செத்தவர்கள்தான் அதிகம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேராகப் பதில் எழுதுங்கள். அந்தப் பல், நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வலித்ததா, மாடி ஏறும்போது வலித்ததா?

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? 

பாப்பா

*

பிப்ரவரி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே சுகம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். அண்ணியின் முழங்கால் அவளைவிட நிதானமாக இருக்கிறது.

வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கீழ்த்தளத்துக்கு வெள்ளை அடித்தார்கள். திமிங்கில எலும்புக்கூட்டில் ஒரு விலா கழன்றுவிட்டது, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆயுதக் கூடத்துக்காரர் பை வைக்கும் அறையில் இப்போது குறுக்கெழுத்துப் போடுகிறார்.

ஜாடிக்குக் கூட்டம் அதிகமாகிவிட்டதால் அதற்கு முன்பே ஓர் இடத்தில் நின்று பேச வேண்டியிருக்கிறது. பதினாறாவது படி. அங்கே பார்க்க எதுவும் இல்லை, சுவரும் தீயணைப்பு உருளையும்தான். முதல் நாள் எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. சுவரைத் தடவி, “இந்தச் சுவரை யாரும் பாக்கறதில்ல” என்றேன். உண்மைதானே. ஐந்து நிமிடம் போனது. கட்டிய கொத்தனார்களைப் பற்றிப் பேசினேன், சுண்ணாம்பைப் பற்றிப் பேசினேன், ஒரு விரிசலின் வயதைச் சொன்னேன். மூன்று பேர் சுவரைப் படம் எடுத்தார்கள். ஒருவர் தீயணைப்பு உருளையையும் எடுத்தார். ‘எளிமையில் ஆழம்’ என்று வருகைப் பதிவேட்டில் யாரோ எழுதியிருந்ததை இயக்குநர் கூட்டத்தில் வாசித்தார். இளம் வழிகாட்டிகள் என்னிடம் வந்து, “எப்படி சார் வெறும் சுவத்துக்கு முன்னாடி அவ்வளவு நேரம் நிக்கறீங்க?” என்று கேட்கிறார்கள். அனுபவம் என்று சொல்லிவைத்தேன்.

இன்னொரு பல்லையும் எடுத்தாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் இனி வலிக்க எதுவும் இல்லை, ஆனாலும் வலிக்கிறது. பல் டாக்டர் வலப்பக்கம் பார்க்கலாமா என்கிறார்.

நடக்கும்போது இடது கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு. புதுச் செருப்பு.

அண்ணன்

*

பிப்ரவரி 19

அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். நலம் விசாரிக்கப் போவதில்லை, ஏனென்றால் நீங்கள் நலமாக இல்லை.

நான் கேட்ட ஒரே கேள்வியைத் தவிர, திமிங்கிலத்தின் விலா வரைக்கும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள். அதுவே எனக்குப் போதுமான பதில். அக்டோபருக்கு முன்னால் நாற்பத்திரண்டு படியும் நிற்காமல் ஏறினீர்கள். அக்டோபரில் இருபத்து நான்கு. பிப்ரவரியில் பதினாறு. அண்ணா, நீங்கள் மேல்தளத்துக்குப் போகவில்லை, ஒவ்வொரு மாதமும் கீழே வந்துகொண்டிருக்கிறீர்கள். சுவரைப் பற்றிப் பேசுவதற்காக நீங்கள் நிற்கவில்லை. நிற்க வேண்டியிருப்பதால் சுவரைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

மாடி ஏறும்போது மட்டும் வலிக்கிற பல்லை எந்தப் பல் டாக்டராலும் பிடுங்க முடியாது. அது பல்லில் இல்லை. ரத்தக் குழாய்க்குள் கொழுப்பு படிந்து வழி குறுகிவிட்டால், உட்கார்ந்திருக்கும் வரை இதயத்துக்கு வருகிற ரத்தம் போதும். ஏறினால் போதாது. அப்போது நெஞ்சு அழுத்தும், அல்லது தாடை, தோள், இடது கை என்று எங்காவது வலிக்கும். நின்றால் போய்விடும். போய்விடுவதால் யாரும் நம்புவதில்லை. காலிலும் அதே கதைதான். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும். செருப்புக்கு அந்தப் புத்தி கிடையாது.

நெஞ்சில் ஏதும் இல்லை என்று எழுதுங்கள் பார்க்கலாம். உங்களுக்குப் பொய் எழுத வராது. எழுதாமல் விடத்தான் வரும்.

பை வைக்கும் அறையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் குறுக்கெழுத்துப் போடுகிறார். என் மேஜையில் இருப்பவர்கள் அதையும் போடுவதில்லை.

போய்ப் பாருங்கள்.

பாப்பா

*

மார்ச் 30

பாப்பாவுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நம்புகிறேன்.

ஆறு வாரம் எழுதாததற்குக் காரணம் கோபம். அது இப்போது தீர்ந்துவிட்டதால் எழுதுகிறேன். பிணத்தோடு குடும்பம் நடத்துகிறவள் உயிரோடு இருப்பவனைப் பார்த்தால் அளவெடுக்கத்தான் செய்வாள் என்று எழுதி, கிழித்துப் போட்டேன். கிழித்ததை உனக்குத் தெரியப்படுத்துவதில் தவறில்லை.

நீ சொன்னதற்காக இல்லை, உன் அண்ணியின் நச்சரிப்புக்காக டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார். படம் இதனுடன் இருக்கிறது. ‘இயல்பானது’ என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சட்டம் போட்டு மாட்டலாம் போல அழகாக இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இதைவிட மோசமான படங்களுக்கு விளக்கு இருக்கிறது.

இப்போதெல்லாம் சுற்றைத் தொடங்கும் முன்பே கீழ்த்தளத்தில் ஒரு முன்னுரை சொல்கிறேன், பன்னிரண்டு நிமிடம். இயக்குநரின் யோசனைதான். ஏறக்குறைய.

இனி இந்தப் பேச்சு வேண்டாம்.

அண்ணன்

*

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இருக்கிற லட்சணத்துக்குச் சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள்? படுக்க வைத்து எடுத்திருப்பார்கள். நீங்கள் என்ன படுத்துக்கொண்டா மாடி ஏறுகிறீர்கள்? இதே மாதிரி ‘இயல்பானது’ என்று கையெழுத்துப் போட்ட படம் குத்தியிருக்கிற கோப்புகள் இந்த வாரம் மட்டும் என்னிடம் இரண்டு. ஒன்றில் படத்தின் தேதிக்கும் இறந்த தேதிக்கும் நடுவில் ஒன்பது நாள்.

ஓட வைத்து எடுக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. டிரெட்மில். அதைக் கேளுங்கள். ஏறும்போது வலிக்கிறது என்ற ஒரு வாக்கியத்தை அந்த டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சுவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல ஐந்து விநாடி கிடைக்கவில்லை.

அண்ணிக்குத் தனியாக எழுதிவிட்டேன். அது ஒப்பந்த மீறல் என்றால் வழக்குப் போடுங்கள்.

நீளமாக எழுத ஆசைதான், முடியவில்லை. வருடக் கணக்கு முடிக்கும் வேலை. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முதுகு பிடித்துக்கொண்டு, தூக்கமும் சரியில்லை. நேற்று மூன்றாம் மாடி போய்ச் சேர்ந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கேன்டீன் எண்ணெய். புகார் எழுதினால் உங்கள் மாப்பிள்ளை மாதிரி ஒருவர் அங்கேயும் பதில் போடுவார்.

பாப்பா

*

மே 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். இந்தச் சொல்லை இந்த முறை டாக்டர் அனுமதியோடு எழுதுகிறேன்.

அண்ணி போனில் மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்குத் தெரியாததும் இருக்கிறது. மே ஒன்பதாம் தேதி, பதினொன்றாவது படி. இருபது பேர் கூட வந்தார்கள். நின்றேன், நின்றும் வலி போகவில்லை. நெஞ்சின் மேல் யாரோ அந்த ஜாடியை நிரப்பி வைத்த மாதிரி இருந்தது. இடது கை என்னுடையதாக இல்லை. வேர்வை, குளிர்ந்த வேர்வை, சட்டையைப் பிழியலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பிடியைத் தடவிக்கொண்டே, “இந்தக் கைப்பிடியை எத்தனை பேர் பிடிச்சிருப்பாங்க...” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அப்படியே உட்கார்ந்தேன். கூட்டம் கை தட்டியது.

விடுமுறைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி கூட்டத்தில் இருந்தாள். அவள் மட்டும் தட்டவில்லை. “சார், பேசாதீங்க, வாயை மூடுங்க” என்றாள். முப்பத்தோரு வருடத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் பார்வையாளர் அவள்தான். தன் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மென்று விழுங்கக் கொடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கூடவே வந்தாள்.

மூன்று குழாயில் அடைப்பு. ஒன்று தொண்ணூற்றைந்து சதவீதம், இன்னொன்று எண்பது. இரண்டுக்கும் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மூன்றாவதை மாத்திரையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். எப்போதிலிருந்து வலி என்று டாக்டர் கேட்டார். அக்டோபர் என்றேன். “ஏழு மாசமா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?” என்றார். விளக்கவுரை என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. இதை எழுதிக் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

இப்போது நீ கேள். ஆஸ்பத்திரியில் படிக்க வேறெதுவும் இல்லாததால் உன் கடிதங்களைக் கொண்டுவரச் சொன்னேன். திட்டு வாங்கும்போது கவனிக்காத சில வரிகள் கண்ணில் பட்டன. ஜனவரியில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கிறாய். ஏப்ரலில் முதுகு, தூக்கமின்மை, மூன்றாம் மாடியில் குமட்டல். நர்ஸ் பார்க்க வந்தபோது படித்துக் காட்டினேன். “பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலிக்கணும்னே இல்ல சார். காரணமில்லாத அசதி, முதுகு வலி, குமட்டல், மூச்சு வாங்கறது, இதுதான் வரும். அதனாலதான் அவங்களே கண்டுபிடிக்கறதில்ல. உங்க தங்கச்சியை உடனே போகச் சொல்லுங்க” என்றாள்.

பாப்பா, நீ அறிவிப்புப் பலகை படிப்பதற்காக நிற்கவில்லை.

நாளைக்கே போ.

அண்ணன்

*

மே 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் தடவை அழுதேன், இரண்டாவது தடவை கை தட்டிய இருபது பேரையும் திட்டினேன், மற்ற இரண்டு தடவையும் ‘நீ சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி’ என்ற வரியை மட்டும் படித்தேன். உங்கள் மாப்பிள்ளையிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். “பதிவு செய்யப்பட்டது” என்றார். பிறகு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவரும் அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

மாத்திரை ஒன்றைக்கூட விடாதீர்கள். ஒரு வேளை விட்டீர்கள் என்று தெரிந்தாலும் ஒப்பந்தத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த நிமிஷம் போனில் வருவேன். உப்பு, புகை, கோபம் எதுவும் கிட்டே வரக் கூடாது. முக்கியமாகக் கவலை கூடாது. அதிர்ச்சி தரும் செய்தி எதையும் உங்கள் காதில் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அண்ணி சொன்னாள். அதனால் பேப்பரில் முதல் பக்கம் படிக்காதீர்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். கொஞ்சம் அசதிதான். இந்த வயதில் பெண்களுக்கு வருவது. எனக்குத் தெரியாதா, பத்தொன்பது வருடமாக இதையேதானே படிக்கிறேன்? காலாண்டுக் கணக்கு ஜூனோடு முடிகிறது. முடிந்ததும் போய்க் காட்டிவிட்டு, உங்களைப் பார்க்க வருகிறேன். அந்த ஜாடியையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். 

பாப்பா

*

ஜூன் 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் இந்தத் தடவை விவரமாக எழுது. டாக்டரிடம் போனாயா, இல்லையா?

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பை வைக்கும் அறைதான். ஆயுதக் கூடத்துக்காரர் எனக்குப் பாதி மேஜையும் பாதிக் குறுக்கெழுத்தும் ஒதுக்கியிருக்கிறார். மாடியில் இப்போது இளைஞன் ஒருவன் சுற்றிக் காட்டுகிறான். பதினாறாவது படியில் நின்று சுவரைப் பற்றிப் பேசுகிறானாம். மூச்சு வாங்காமலேயே நிற்கிறான், பாவம்.

உன் அண்ணி பதினேழாம் தேதி திடீரென்று சித்தி வீட்டில் ஏதோ அவசரம் என்று இரண்டு நாள் போய் வந்தாள். திரும்பி வந்ததிலிருந்து கண் வீங்கியிருக்கிறது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள். சித்தி வீட்டில் இருந்த தூசியெல்லாம் இவள் கண்ணுக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான் எது கேட்டாலும் சரி என்கிறாள். அது நல்ல அறிகுறி இல்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் வேறு. நீ ஒரு வரி எழுதிக் கேள்.

அண்ணன்

*

ஜூலை 20

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கள் ஜூன் 25 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். வலது மணிக்கட்டில் சுளுக்கு ஏற்பட்டுள்ள காரணத்தால் இக்கடிதம் கணினியில் அச்சிடப்படுகிறது. பதில் அனுப்புவதில் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறேன்.

எனது உடல்நலம் தொடர்பாகத் தாங்கள் எழுப்பிய விஷயம் உரிய கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது. தற்போது எவ்விதச் சிரமமும் இல்லை. வலி எதுவும் இல்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

தங்களைக் காண வருவதாகத் தெரிவித்திருந்த பயணம், தவிர்க்க இயலாத காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது. தாங்கள் எதற்கும் கவலை கொள்ளாமல் உடல்நலத்தைப் பேணுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் இதுவரை கூறியவை அனைத்தும் சரி.

இப்படிக்கு,
பாப்பா

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். உன் மணிக்கட்டு சீக்கிரம் சரியாகட்டும்.

நான் சொன்னவை அனைத்தும் சரி என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது வருடத்தில் முதல் தடவை. அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம். மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிட்டேன். ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு உப்புகிறது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று விட்டுவிட்டேன். பத்து நாள் ஆகிறது. அண்ணிக்குத் தெரியாது. உன் கருத்து என்ன?

அண்ணன்

*

ஆகஸ்ட் 9

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். மாத்திரைகள் குறித்துத் தாங்கள் மேற்கொண்டுள்ள முடிவு மிகுந்த கவலை அளிக்கிறது. உரிய மருத்துவரைக் கலந்தாலோசித்து, முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள்.

தயவுசெய்து.

இப்படிக்கு,
பாப்பா

*

ஆகஸ்ட் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இது உங்கள் அலுவலக முகவரிக்கு வருகிறது. அங்கே உங்களைத் தவிர யாரும் கடிதம் படிப்பதில்லை என்று பாப்பா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

முதலில் உங்கள் நிம்மதிக்கு: மாத்திரைகளை நான் நிறுத்தவில்லை. ஒரு வேளைகூடத் தவறவில்லை. அது பொய். அந்த வரியைப் படித்தால் பாப்பா அடுத்த நிமிஷம் போன் செய்து, அண்ணன் என்றும் பாராமல் என்னைக் கிழித்திருப்பாள். என் கடிதம் உங்களுக்கு எந்த நாள் வந்து சேரும் என்று கணக்குப் போட்டு, அந்த நாளும் அதற்கு அடுத்த மூன்று நாளும் லீவு போட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தவறான எண் என்று ஒருவர் மட்டும் கூப்பிட்டார். பிறகு உங்கள் கடிதம் வந்தது.

அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணிடம் நான் யாரென்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னாள். ஜூன் பதினாறு, காலை பத்தேகால். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கோப்புகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். “மேடம், தண்ணி கொண்டாரட்டுமான்னு கேட்டேன் சார். நீங்க போங்க, நான் பின்னாலயே வரேன்னாங்க. நானும் போயிட்டேன் சார்” என்றாள். அந்தப் பெண் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். அவள் மேல் தப்பில்லை என்று மூன்று தடவையும் சொன்னேன்.

அழுதேன். பை வைக்கும் அறையில்தான். ஆயுதக் கூடத்துக்காரர் வெளியே ஒரு பலகையை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். நெஞ்சு வலிக்கவில்லை. இரண்டு ஸ்டென்ட்டும் தாங்கின. தாங்கியிருக்க வேண்டாம் என்று தோன்றியது, அது வேறு விஷயம்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்களும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து என் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் இதைச் செய்தீர்கள். பெண்டாட்டியை இழந்த மனிதர் அவள் பெயரிலேயே உட்கார்ந்து கடிதம் அடித்திருக்கிறீர்கள். ‘வலி எதுவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறேன்’ என்ற வரியை அடிக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பொய் இல்லாமல் எழுத வேண்டும் என்று தேடித் தேடி எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது, நீங்கள் அக்கா என்று கூப்பிடும் என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம். தபால் வந்தால் அவளே ஓடிப்போய் வாங்குகிறாள். “பாப்பாகிட்டேருந்து” என்று சிரித்த முகத்தோடு என் கையில் கொடுத்துவிட்டு, நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். அவளுக்கு ரத்த அழுத்தம் நூற்றெழுபது. இரண்டு மாதமாகத் தனியாகத் தாங்கிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு கஷ்டப்பட்டும் காப்பாற்ற முடியவில்லை என்று தெரிந்தால் உடைந்துவிடுவாள். டாக்டரிடம் கேட்டேன், அவளுக்கும் அதிர்ச்சி ஆகாதாம்.

ஆகவே பாப்பா பெயரில் மாதம் ஒரு கடிதம் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். கூடத்தில் உட்கார்ந்து, அவள் காதில் விழும்படி சத்தமாகப் படிக்கிறேன். உங்களுக்குப் பேச வேண்டும் போல இருந்தால் எனக்குத் தனியாக, பை வைக்கும் அறை என்று முகவரி போட்டு எழுதுங்கள். சாப்பிடுங்கள். மாடி ஏறினால் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், அதை மட்டும் நேராக எழுதுங்கள்.

ஒன்றே ஒன்று. பாப்பா பெயரில் எழுதும்போது எனக்கு இவ்வளவு மரியாதை வேண்டாம். உங்கள் அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள், அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். ஒவ்வொரு கடிதத்திலும் என்னை நன்றாகத் திட்டுங்கள். அவளைப் போல உங்களுக்கு வராது. முயற்சி செய்யுங்கள்.

அண்ணன்